குறி மாறவில்லை, ஃபோகஸ் மாறியது ஏன்?
லென்ஸ் வளையத்தைப் பல்சக்கரம் வழியே சுழற்றும் ஃபாலோ ஃபோகஸ் கருவியின் சக்கரத்தை, முன்பு போட்ட குறிக்கே திருப்பினாலும், மின்னணு லென்ஸில் நடிகரின் முகம் மங்கலாகவே நிற்கலாம். பல்சக்கரம் வழுக்கியதென்று பழி போடுவார்கள். பெரும்பாலும் அது நிரபராதி. பழைய லென்ஸில் வளையம் மரைவழியே கண்ணாடியையே நகர்த்தும். மின்னணு லென்ஸில் வளையம் கட்டளை மட்டுமே தருகிறது. நகர்த்துவது உள்ளிருக்கும் மோட்டார். பல லென்ஸ்கள் கோணத்தோடு வேகத்தையும் கணக்கில் எடுக்கின்றன: மெல்லத் திருப்பினால் சிறு நகர்வு, விரைந்து திருப்பினால் பெரும் பாய்ச்சல். போன வேகத்திலேயே திரும்பி வராவிட்டால் கணக்கு இடிக்கும். வளையம் முட்டி நிற்கும் எல்லையும் பலவற்றில் கிடையாது.

ஆட்டோஃபோகஸ் போதாதா? அது முகத்தைக் கண்டுபிடிக்கும்; எந்த நொடியில் எந்த முகத்துக்கு மாறுவது என்பது இயக்குநரின் முடிவு. எனவே கைக்கு வேலை உண்டு. குறி தவறுவதற்குத் தீர்வு மென்பொருளில் இருக்கிறது: லூமிக்ஸ் எஸ்1எச் போன்ற கேமராக்களில், பொருந்தும் லென்ஸுக்கு, வேகத்தைப் பொருட்படுத்தாத நேரியல் முறையைத் தேர்ந்து, சுழற்சிக் கோணத்தையும் நாமே வகுக்கலாம்.