நான்கு டாலர் நான்கு சென்ட்

அமெரிக்காவில் வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுவோர் 2019 கணக்குப்படி ஏறத்தாழ 6.8 கோடி. இவர்களில் ஆங்கிலம் சரியாக வராதவர்கள் சுமார் 2.5 கோடி, அதாவது ஐந்து வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். வீட்டுக் கணக்கு எடுத்தால் இது பாதியாகிவிடும்: நூற்றில் நான்கு வீடுகள்தான். 14 வயதுப் பிள்ளை ஒன்று நன்றாக ஆங்கிலம் பேசினால் போதும், கணக்கெடுப்புத் துறை அந்த வீட்டை ஆங்கிலம் வராத வீடுகளின் பட்டியலில் சேர்க்காது. அம்மாவின் நெஞ்சுவலியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். மருத்துவமனைகளுக்கு 2016 முதல் உள்ள விதியோ, அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்கிறது.

விதி வந்ததில் வியப்பில்லை. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 396 பிழைகள், சந்திப்புக்குச் சராசரியாக 30க்கு மேல். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பாதிக்கு மேல், சொன்னதைச் சொல்லாமல் விட்டவை. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வியே சில இடங்களில் காணாமல் போயிருக்கிறது. வாய்வழி கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலினைக் காதுகளில் விடும்படி ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டது. மொழிபெயர்த்தவர்களில் 11 வயது உடன்பிறப்பும் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களும் தவறினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆபத்தான தவறுகளின் விகிதம் அவர்களிடம் 53 சதவீதம், மற்றவர்களிடம் 77.

இனிச் செலவு. எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர் வைத்தால் ஆண்டுக்கு 26.8 கோடி டாலர் ஆகும் என்று வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் 2002இல் மதிப்பிட்டது. பெரிய தொகைதான். ஒரு சந்திப்புக்குப் பிரித்தால் 4.04 டாலர், சராசரிச் செலவில் அரை சதவீதம். மறுபக்கம் பாருங்கள்: சேரும்போது, அல்லது சேரும்போதும் வீடு திரும்பும்போதும், மொழிபெயர்ப்பாளர் இல்லாத நோயாளிகள், இரு நேரமும் இருந்தவர்களைவிட முக்கால் நாள் முதல் ஒன்றரை நாள் வரை கூடுதலாகப் படுக்கையில் கிடந்ததாக 2012இல் ஓர் ஆய்வு கண்டது. அங்கே ஒரு நாள் படுக்கை ஆயிரம் டாலருக்குக் கீழே வராது.

பிறகு ஏன் தயக்கம்? பில் யாருக்குப் போகும் என்பதுதான் சிக்கல். மூத்தோருக்கான மெடிகேர் இதற்கென்று தனிக் கட்டணம் தருவதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டில் மாநிலம் விரும்பினால் தரலாம், பெரும்பாலானவை விரும்பவில்லை. மொழி உதவியை வலியுறுத்திய 2000ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையும் 2025 மார்ச் 1 அன்று ரத்தானது. 1964 குடிமை உரிமைகள் சட்டமும், 2010 மருத்துவச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் இருப்பதால் மருத்துவமனையின் கடமை மட்டும் அப்படியே நிற்கிறது.