தீர்த்தத்தில் விட்டுவந்த உறை

சென்ற ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் தாமிரபரணியில் நீராடினேன். தலைக்குத் தேய்த்த ஷாம்புவின் உறை கைநழுவி ஆற்றோடு போயிற்று. கரையிலும் அத்தகைய உறைகளே ஒதுங்கிக் கிடந்தன. பல அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படும் அவ்வுறையை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம்; அது மண்ணிலும் மட்காது.

வங்கியில் பைசாக் கணக்குப் பார்த்தவன், இக்கணக்கைப் பார்க்கத் தவறினேன். வாரம் இரண்டு உறை என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 104. நால்வர் உள்ள எங்கள் இல்லத்திற்கு 416!

இப்போது சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு சேர்த்து மில்லில் அரைத்துச் சம்படத்தில் வைத்திருக்கிறோம். உடம்புக்குப் பயற்றமாவு. அழுக்கு நீங்க வீட்டிலேயே குளித்துவிட்டு, தீர்த்தத்தில் மூழ்கி எழுவதே முன்னோர் வகுத்த முறை.

அன்பர்களே, பாவத்தைக் கழிக்கச் செல்லும் இடத்தில் குப்பையைச் சேர்த்துவிட்டு வரலாமா?