இதயத்தசை சிந்தும் புரதம்

நெஞ்சைப் பிசைகிறது, இடத்தோள் கனக்கிறது, உடல் வியர்த்துக் கொட்டுகிறது என்று நள்ளிரவில் ஒருவரை அவசரப் பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள். முதலில் இ.சி.ஜி. என்னும் மின்வரைவு எடுக்கப்படுகிறது. அதில் மாரடைப்பின் அடையாளம் தெளிவாக நின்றால் குருதிச் சோதனைக்குக் காத்திருப்பதில்லை. அடைபட்ட தமனியைத் திறக்கும் வேலை உடனே தொடங்கிவிடும். வரைவு மழுப்பும் நேரமும் உண்டு. கோடுகள் ஏறத்தாழ ஒழுங்காக ஓடும். நோயாளியோ நெஞ்சைப் பிடித்தபடி கிடப்பார். அப்போது முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றிச் சிறு குழலில் குருதி எடுக்கிறார்கள். அந்தக் குழலின்மீது குருதி எடுத்த நேரத்தையும் செவிலியர் எழுதுகிறார். உள்ளே இருக்கும் குருதிக்கு எவ்வளவு மதிப்போ, அந்த நேரக்குறிப்புக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு.

அக்குருதியில் தேடப்படுவது ட்ரோபோனின் என்னும் புரதம். 1960களின் நடுவில் ஜப்பானிய அறிஞர் செத்சுரோ எபாஷியும் அயகோ கோடமாவும் அதைத் தசையிலிருந்து பிரித்தறிந்தபோது, மாரடைப்பு அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. கால்சியம் எவ்வாறு தசையைச் சுருங்க வைக்கிறது என்னும் வினாவே அவர்களை ஆட்கொண்டிருந்தது.

தசைச் சுருக்கம் என்பது ஆக்டின், மயோசின் என்னும் இருவகை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பது. ஓய்வு நிலையில் ட்ரோபோமயோசின் என்னும் மெல்லிய நாண், ஆக்டின்மேல் மயோசின் பற்றும் இடத்தை மறைத்துக் கிடக்கும். ட்ரோபோனினுக்கு மூன்று கூறுகள். ‘சி’ கால்சியத்தை ஏற்கும். ‘ஐ’ சுருக்கத்தைத் தடுத்து நிற்கும். ‘டி’ மொத்தக் கட்டையும் அந்த நாணோடு பிணைக்கும். கால்சியம் வந்து அமர்ந்ததும் தடை நெகிழ்கிறது, நாண் நகர்கிறது, மயோசின் பற்றுகிறது. நாம் உறங்கும்போதும் ஒவ்வொரு துடிப்பிலும் இதுவே நிகழ்கிறது. இம்மூன்றில் ஐ, டி இரண்டுக்கும் இதயத்தசையில் தனி வடிவம் உண்டு. சி கூறுக்கு அத்தகைய தனித்தன்மை இல்லாமையால் ஆய்வகம் அதை நாடுவதில்லை.

உயிர்வளி கிட்டாமல் இதயத்தசையின் உயிரணு மடியும்போது அதன் சவ்வு கிழிகிறது. ட்ரோபோனினில் உள்ளே கட்டுப்படாமல் மிதந்த சிறு பங்கு முதலில் கசியும். இழைகளோடு பிணைந்த பெரும்பங்கு, இழைகள் சிதையச் சிதைய நாள்கணக்கில் வெளியேறும். வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும் அளவு ஒரு வாரம் கடந்தும் தாழாதிருப்பது இதனால்தான்.

இந்த இடத்துக்கு மருத்துவம் சுற்றுவழியில்தான் வந்து சேர்ந்தது. 1954-இல் நியூயார்க்கில் கார்மன், ரூப்லெவ்ஸ்கி, லடூ ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளின் குருதியில் ஒரு நொதி உயர்வதைக் கண்டனர். இன்று கல்லீரல் சோதனைத் தாளில் எஸ்.ஜி.ஓ.டி. என்று நாம் படிக்கும் அதே நொதி! கல்லீரல் கெட்டாலும் உயரும் ஒன்று இதயத்துக்கு எப்படி உறுதியான சான்றாகும்? அடுத்து வந்த கிரியேட்டின் கைனேசுக்கும் இதே குறை. புட்டத்தசையில் போடும் ஊசி ஒன்றே அதை உயர்த்திவிடப் போதும். அதன் எம்.பி. வகை சற்று மேலானது. பல ஆண்டுகள் கோலோச்சியது. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் ஹூகோ கட்டுஸ் குழுவினர் ட்ரோபோனின் டி-யை அளக்கும் முறையை வகுத்தனர். 2000-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினை நடுவாக வைத்துத் திருத்தி எழுதின.

நலமுள்ள 100 பேரில் 99 பேரின் அளவு எக்கோட்டுக்குக் கீழ் அடங்குமோ, அதுவே ட்ரோபோனினுக்கு வரம்பு. டி-யை அளக்கும் நுண்ணுணர் சோதனையில் அது லிட்டருக்கு 14 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். இவ்வளவு நுண்ணிய கண்ணுக்கு, நோயற்றவர் குருதியிலும் ட்ரோபோனின் தென்படுகிறது. ஆகவே ‘ட்ரோபோனின் பாசிட்டிவ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதை நான் ஏற்பதில்லை. அச்சொல் எண்ணையும் மறைக்கிறது, நேரத்தையும் மறைக்கிறது.

நாட்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவருக்கு முதல் அளவு 40, ஒரு மணி நேரம் கழித்து 41 என்று கொள்வோம். இன்னொருவருக்கு முதலில் 9, பிறகு 22. வரம்பைத் தாண்டி நிற்பவர் முதலாமவர். அஞ்ச வேண்டியதோ இரண்டாமவரைக் குறித்து. ஏறி இறங்கும் அளவே புதிய காயத்தின் அடையாளம். அசையாமல் உயர்ந்து நிற்பது பெரும்பாலும் பழைய நலிவு. அந்தக் காயமும் தமனி அடைப்பால்தான் வந்தது என்பதற்கில்லை. இதயத்தசை அழற்சி, நுரையீரல் தமனியில் சிக்கிய குருதிக்கட்டி, கடும் நோய்த்தொற்று, ஏன், மாரத்தான் ஓட்டம்கூட ட்ரோபோனினை உயர்த்தும். தசை காயப்பட்டது என்பதைக் குருதி சொல்லும். காரணத்தை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும்.

எவ்வளவு தசை அழிந்தது என்பதையும் இப்புரதம் ஓரளவு காட்டும். அங்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. அடைப்பு திறந்ததும் பாயும் குருதி, தேங்கிய புரதத்தை ஒரே மூச்சில் அடித்து வருவதால் அளவு விரைந்து உச்சம் தொடும். நல்ல சிகிச்சையின் விளைவு, பேரழிவின் தோற்றம் கொள்ளும். மூன்றாம், நான்காம் நாள் அளவு இந்த அலைக்கு அவ்வளவாக ஆட்படாமல், காந்த அதிர்வுப் படத்தில் தெரியும் தழும்பின் பரப்போடு பெரிதும் ஒத்துப்போகிறது.

சோதனையையே ஏமாற்றும் பொருளும் உண்டு. கூந்தல் வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை மிகுந்த அளவில் உடலில் இருந்தால், சில சோதனைமுறைகளில் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரித்தது. அதை உட்கொள்பவர் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த குருதியில் ட்ரோபோனின் ஏறாமலே இருக்கலாம். முதல் சோதனை நன்றாக இருக்கிறதென்று எழுந்து வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டாம் ஊசிக்கும் கையை நீட்டுங்கள். நெஞ்சு கனத்தால் வாயுப் பிடிப்பென்று சோடா குடித்துப் பார்த்திராமல் அவசர ஊர்தியை அழையுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் மறவாமல் சொல்லுங்கள்.