சல்லடைக் கண்ணும் எலும்பும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த கால்கள், டயாலிசிஸ் தொடங்கிச் சில வருடங்களில் தெருமுனைக் கடைக்குப் போகவே தயங்குவதுண்டு. ‘ரத்தத்தைத்தான் மெஷின் சுத்தம் பண்ணுதே, எலும்பு ஏன் வலிக்குது?’ நியாயமான கேள்வி. பதிலில் ஒரு பங்கு, நோயாளிகள் ‘ஃபில்டர்’ என்று சொல்லும் அந்த ஒரு சாண் குழாய்க்குள் இருக்கிறது.

அதனுள்ளே சுமார் பத்தாயிரம் நுண்குழல்கள். உள்விட்டம் 0.2 மில்லிமீட்டர்தான். குழலுக்குள் ரத்தம் ஓடும், வெளியே டயாலிசிஸ் திரவம் ஓடும். நடுவிலுள்ள சுவர்தான் சல்லடை. யூரியாவின் எடை 60 டால்டன், எந்தச் சல்லடையிலும் நழுவிவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதமோ அதைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. பழைய செல்லுலோஸ் சவ்வின் கண்களில் அது நுழையாது. வருடக்கணக்கில் உடம்பில் தேங்கி மணிக்கட்டு, தோள், எலும்பு முனைகளில் படியும். இரவில் விரல்கள் மரத்துப்போகும், எலும்பில் குழி விழும். படிவது இந்தப் புரதம்தான் என்று 1985-ல் கண்டு சொன்னவர் ஜப்பானிய மருத்துவர் கெஜ்யோ.

கண் பெரிதான ‘ஹை ஃபிளக்ஸ்’ சவ்வுகள் இதை ஓரளவு வெளியேற்றுகின்றன. முழுதாக அல்ல. அதற்கு இயங்கும் சிறுநீரகமே வேண்டும்.

பெரிய கண்ணுக்கு ஒரு விலையும் உண்டு. திரவத்திலுள்ள அழுக்கு ரத்தப் பக்கம் திரும்பி வரக்கூடும். நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் திரவம் அந்தச் சுவரை உரசிப் போகிறது, அதனால் அதைக் கலக்கப் பயன்படும் ஆர்.ஓ. தண்ணீர் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். 1970-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் டயாலிசிஸ் நோயாளிகளின் எலும்புகள் முறிந்தன. திரவம் கலந்த குழாய்த் தண்ணீரில் இருந்த அலுமினியமே காரணம்.

பாஸ்பரஸ் விஷயத்தில் மட்டும் எந்த உயர்ந்த ஃபில்டரையும் நம்பிவிட முடியாது. அது பெரும்பாலும் எலும்பிலும் செல்களுக்குள்ளும் பதுங்கியிருக்கிறது. வெளியே வர நேரம் பிடிக்கும். ரத்தத்தில் அது ஏறினால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். ஆகவே டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மாத்திரை தந்திருந்தால், வீட்டுச் சாப்பாடோ அன்னதானமோ, அதைச் சோற்றோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே பாஸ்பரஸ் இருக்காது.