கவனம் சிதறினால் கல்லா தாங்காது

கைப்பேசியிலேயே பங்குகளையும் சரக்கு ஒப்பந்தங்களையும் வாங்கி விற்கும் பழக்கம் நம் கடைவீதிக்கும் வந்துவிட்டது. பங்குச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. நமக்குச் சரக்கு இறங்குவதும், சில்லறைக் கடைக்காரர்கள் சீட்டுடன் வருவதும் அதே நேரம்தான். ஒரு கண் தராசிலும் ஒரு கண் கைப்பேசியிலும் இருந்தால் இரண்டும் கெடும்.

செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டப்பட்டுள்ளனர். ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. சிறிய மளிகைக் கடைக்கு அது கொள்முதல் முதலே ஆகும்.

பிறவிக் குணமா, குறைபாடா?

எல்லோருக்கும் ஆபத்தான இத்தொழில் சிலருக்கு இரட்டிப்பு ஆபத்து. மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சொல்லும் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களையே குறிப்பிடுகிறோம். 1980இல் ஏ.டி.டி. என்று பெயரிடப்பட்டது, 1987இல் இப்பெயர் பெற்றது. இது சிறு வயதிலேயே தொடங்கும். பலருக்குப் பெரியவர்களான பின்னும் தொடரும். குடும்ப வழியாகவும் வருவதுண்டு. தொடங்கிய வேலையை முடிக்காமை, பில்லை வைத்த இடம் மறத்தல், பொறுமையின்மை, யோசிக்குமுன் கை நீளுதல் ஆகியவை அறிகுறிகள். இதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் நாம் திட்டித் தீர்க்கிறோம். அது தவறு.

இவர்களுக்குப் பிடித்த ஒன்றில் மணிக்கணக்காக மூழ்கிவிடவும் முடியும். நொடிக்கு நொடி விலை மாறும் திரை அப்படித்தான் இழுக்கிறது. நட்டத்தை அங்கேயே நிறுத்தாமல், உடனே மீட்க வேண்டும் என்று மேலும் மேலும் வாங்குவதில்தான் முதல் கரைகிறது.

பொருத்தமான வேலை

அமெரிக்காவில் 1970இல் ஒரு சிறு நகலெடுக்கும் கடையைத் தொடங்கிய பால் ஆர்ஃபலே, கிங்கோஸ் என்ற அக்கடையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாக வளர்த்தார். தமக்கு இக்குறைபாடு உண்டென்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அலுவலகத்தில் உட்கார முடியாததால் கிளை கிளையாகச் சுற்றினார். ஓரிடத்தில் கண்ட நல்ல முறையை மற்ற இடங்களுக்கும் கொண்டு சேர்த்தார். நம் பிள்ளையும் அப்படியானால், அவனை வசூலுக்கும் கொள்முதலுக்கும் வெளியூர் அனுப்பலாம். கணக்கை நிதானமான கையில் கொடுக்கலாம்.

சந்தையில் இறங்கியே தீருவோம் என்பவர்களுக்கு:

1. கடை முதலையும் கடன் பணத்தையும் தொடக் கூடாது. போனாலும் குடும்பம் தாங்கும் தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

2. எதை, என்ன விலைக்கு வாங்குவது, எவ்வளவு நட்டத்தில் வெளியேறுவது என்பதைச் சந்தை திறக்குமுன் நோட்டில் எழுதுங்கள். வாங்கியவுடன் 'ஸ்டாப் லாஸ்' போட்டுவிடுங்கள்.

3. ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று வரம்பு கட்டுங்கள். அதற்குமேல் வாங்க முடியாதபடி நாமே பூட்டும் வசதி சில தரகர்களின் செயலியில் உண்டு. நட்டப்பட்ட நாளில் பூட்டிவிடுங்கள்.

4. மாலையில் நாள்வழி எழுதும்போதே இந்த வரவு செலவையும் எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள்.

அறிகுறிகள் பொருந்தினால் மனநல மருத்துவரைப் பார்க்க வெட்கம் வேண்டாம். பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். மருந்தை நாமாக வாங்கி உண்ணக் கூடாது. அரசின் டெலி-மானஸ் எண் 14416இல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

தராசில் முள் நிற்கும்வரை நாம் காத்திருக்கிறோம். மனம் நிற்கும்வரையும் காத்திருந்து வாங்குவோம், விற்போம்.