மலை எஞ்சினின் முதுமையும் அதன் வாரிசும்

சென்ற ஆண்டு உதகைச் சுற்றுலாவுக்காக விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் கூடி நின்றோம். நீல நிறப் பெட்டிகளுக்குப் பின்னால் மலை எஞ்சின் நீராவியைச் சீறியபடி நின்றது. "இந்தக் காலத்திலும் எதற்கு இந்தப் பழைய எஞ்சின்? புதியது ஒன்றை வாங்கி மாட்டக்கூடாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், ஆனால் விடை எங்களுக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் தேடிப் படித்ததையும் கேட்டறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பொதுவாக ஓர் எஞ்சினை மாற்றுவது பெரிய காரியமன்று. 1862-ஆம் ஆண்டில் போத்தனூருக்கும், 1873-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கும் புகைவண்டி வந்தது. அன்று தொடங்கி நம் ஊர்த் தண்டவாளங்கள் மூன்று தலைமுறை எஞ்சின்களைப் பார்த்துவிட்டன. முதலில் நீராவி எஞ்சின், அடுத்து டீசல், இப்போது மின்சாரம். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-ஆம் ஆண்டோடு நீராவி எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. எங்களில் ஒருத்தியின் அப்புச்சி சன்னலோரம் அமர்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதையை இன்றும் சொல்லுவார். ஈரோட்டு எஞ்சின் பணிமனைகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கதை வேறொரு உலகம்போலத் தோன்றும்.

அப்படியிருக்க, மலைப்பாதையில் மட்டும் ஏன் முடியவில்லை? காரணம் அந்தப் பாதையிலேயே இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். உதகை 2,203 மீட்டர். இடையில் 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் பாதை திறக்கப்பட்டது. கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம். சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் அவ்வளவு ஏற்றத்தில் பிடிக்காது; வழுக்கிவிடும்.

ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் கொண்ட இரட்டைப் பட்டை பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. பற்களை மாற்றி மாற்றி அமைத்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். இம்முறையை வகுத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட்.

இதற்கென்றே செய்யப்பட்டது 'எக்ஸ்' வகை எஞ்சின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை, முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் தொடங்கி, 1920-களில் பலவற்றையும் 1952-ஆம் ஆண்டில் கடைசித் தொகுதியையும் செய்து அனுப்பியது. இதில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல்பட்டை தொடங்கியதும், அங்கே உழைத்து வெளிவரும் நீராவியே மேல்ச் சிலிண்டர்களுக்குள் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். வீட்டில் அரிசி கழுவிய நீரை அம்மா வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதுபோல, ஒரே நீராவி இரண்டு முறை வேலை செய்கிறது!

மேலே போகும்போது எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. கொக்கி கழன்றாலும் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடக்கூடாது என்பதே நோக்கம். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போடும் ஊழியர் ஒருவர் கொடியோடு நிற்கிறார். குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவு. பல்பட்டை அங்கே தேவையில்லை. ஆகவே அங்கிருந்து உதகை வரை டீசல் எஞ்சின் இழுக்கிறது. அந்த டீசல் எஞ்சினுக்குப் பற்சக்கரம் கிடையாது. அதைக் கல்லாற்றில் கொண்டுவந்து மாட்ட முடியாது.

சரி, நீராவி எஞ்சின் எப்படி முதுமையடைகிறது? முதலில் கொதிகலன். தண்ணீரிலுள்ள உப்பு குழாய்களில் படிந்து கெட்டியாகும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். படிவு ஏற ஏற வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் இரும்பையே வாட்டும். நெருப்பு மூட்டும்போது விரிந்து, அணைக்கும்போது சுருங்கி, ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நடந்தால் இரும்பு விரிசல் விடும். அடுத்தது பற்சக்கரங்கள். ஒவ்வொரு பயணத்திலும் பற்கள் கொஞ்சம் தேயும். உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் அந்தப் பற்களில் இருக்கிறது. எனவே 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று விட்டுவிட முடியாது.

நிலக்கரியும் தொல்லை கொடுத்தது. கரி மட்டமாக இருந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். கோடையில் பறக்கும் தீப்பொறியால் காட்டுக்கு ஆபத்து. எனவே 2000-களில் சில எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். ஆனால் அடுப்பை மாற்றியதால் உடம்பு இளமையாகிவிடவில்லை.

செய்து கொடுத்த சுவிஸ் நிறுவனம் இன்று அந்தப் பெயரில் இல்லை.  இந்த நிலையில்தான் திருச்சி பொன்மலைப் பணிமனை முன்வந்தது. 1928-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கும் அப்பணிமனையின் தொழிலாளர்கள், பழைய எஞ்சினையே பாடநூலாகக் கொண்டு, 2011 முதல் 2014 வரையிலான காலத்தில் எண்ணெயில் ஓடும் நான்கு புதிய எஞ்சின்களைச் செய்தார்கள். 2021-ஆம் ஆண்டில் பழைய மரபின்படி நிலக்கரியில் ஓடும் புதிய எஞ்சின் ஒன்றையும் செய்து முடித்தார்கள்.

பிற நாடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. கனடாவின் வியா ரயில் நிறுவனம் 1980-களின் இறுதியில் வாங்கிய டீசல் எஞ்சின்களை ஒருமுறை புதுப்பித்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டியது. பிறகு சீமன்ஸ் நிறுவனத்திடம் புதிய வண்டிகளைக் கேட்டு, 2022-ஆம் ஆண்டு முதல் கியூபெக்–வின்ட்சர் தடத்தில் ஓட்டத் தொடங்கியது. அங்கே புதியதை வாங்குவதே முறை. ஏனென்றால் அதேபோல் வேறு எஞ்சின்கள் கடையில் கிடைக்கும். சுவிட்சர்லாந்திலோ, 1992-ஆம் ஆண்டில் பிரியன்ஸ் மலைப்பாதைக்கு எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின் செய்தார்கள். நம் நீலகிரி இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

அப்படியானால் புதிதாகச் செய்தது பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? இதைப் பற்றி வகுப்பில் நாங்கள் ஒரு மணி நேரம் வாதிட்டோம். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாரம்பரியம் என்பது இரும்பு மட்டும்தான் என்றால், தேய்ந்த இரும்பு போனதோடு அதுவும் போய்விடும். முடிவில் நாங்கள் ஒப்புக்கொண்டது இதுதான்: இரும்பு தேயும், அதைச் செய்யும் கைத்திறன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால் தேயாது. பொன்மலையில் மூத்த தொழிலாளி ஒருவர் தமக்குத் தெரிந்ததை இளையவருக்குச் சொல்லாமல் ஓய்வு பெற்றிருந்தால், எந்தப் பணத்தாலும் இந்த எஞ்சின் பிறந்திராது.

தோழியரே, அடுத்த முறை மேட்டுப்பாளையம் சென்றால் எஞ்சினைப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குனிந்து அந்தப் பற்சக்கரத்தைப் பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி கொடியோடு நிற்கும் ஊழியருக்கு வணக்கம் சொல்லுங்கள். வீட்டிலும் தாத்தா பாட்டியிடம் கைத்தொழில் ஏதேனும் இருந்தால், அது அவர்களோடு நின்றுவிடாமல் இன்றே கேட்டுக் கற்றுக்கொள்வோம்.