எஃப்.சி. காட்டும் சிரமம் யாருக்காக?

லாரியோ, பஸ்ஸோ, வாடகைக் காரோ வைத்து ஜீவனம் நடத்துகிறவர்களுக்கு, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று முடியும் தேதி நெருங்க நெருங்கக் கவலை ஏறிக்கொண்டே போகும். வண்டியைச் சவாரியிலிருந்து நிறுத்தி, பட்டறையில் விட்டு, துருவேறிய தகடுகளை மாற்றி, பெயிண்ட் அடித்து, பிரேக்கையும் விளக்குகளையும் சரிபார்த்து, பின்னர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தார் குறித்த இடத்திலே வரிசையில் காத்திருந்து, 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று ஜனங்கள் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரின் பார்வைக்கு அதை ஒப்புவிக்க வேண்டும். அத்தனை நாளும் வாடகை வராது. கடன் தவணையோ நிற்காது. இந்தச் சிரமத்தால் உண்மையில் பிரயோஜனம் உண்டா என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

அதே கேள்வியை உலகின் பல தேசங்களும் கேட்டுப் பார்த்திருக்கின்றன; விடைகள்தாம் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு, பத்து வயதைக் கடந்த கார்களுக்கு இந்தப் பரீட்சை கட்டாயமாக்கப்பட்டபோது தேறாத கார்கள் ஏராளமாக இருக்கக் கண்டு, மறு வருஷமே அந்த வயதை ஏழாகவும், 1967-இல் மூன்றாகவும் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலோ காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. நியூஜெர்சி மாநிலம் 2010-இல் சொந்தக் கார்களின் யந்திரப் பரிசோதனையைக் கைவிட்டுப் புகைப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டது. டெக்ஸாஸ் மாநிலம் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வர்த்தகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையே வேண்டாம் என்று சட்டம் செய்துவிட்டது.

இந்த விவாதத்தில் வெறும் அபிப்பிராயங்களை ஒதுக்கிவிட்டு, பிரத்தியட்சமாகப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் நார்வே தேசத்தார். 2,04,000 கார்களைப் பாரபட்சமின்றி மூன்று தொகுதிகளாகப் பிரித்து, 46,000 கார்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வருஷந்தோறும் சோதித்தார்கள். வேறு 46,000 கார்களை அந்தக் காலத்தில் ஒரே ஒரு முறை சோதித்தார்கள். எஞ்சிய 1,12,000 கார்களைச் சோதனைக்கு அழைக்கவே இல்லை. 1992-இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. சோதிக்கப்பட்ட கார்களின் நிலை மேம்பட்டிருந்தது வாஸ்தவமே. ஆனால் விபத்துக்களின் விகிதத்தில் மூன்று தொகுதிகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. பெரும்பாலான விபத்துக்களுக்கு மூலகாரணமாகிய வேகம், குடி, தூக்கக் கலக்கம், கவனக்குறைவு ஆகியவற்றை எந்த ஆய்வாளரும் வண்டிக்கடியில் குனிந்து கண்டுபிடித்துவிட முடியாது என்பதை நினைத்தால், இந்த முடிவு அத்தனை விந்தையானதன்று.

அப்படியானால் எஃப்.சி.யே வீண் என்று தீர்ப்பளித்துவிடலாமா? நார்வேயில் சோதிக்கப்பட்டவை, பராமரிப்பில் அக்கறையுள்ள ஒரு சமூகத்தில், தாமும் தம் குடும்பத்தாரும் ஏறிச் செல்வதற்கென்று ஜனங்கள் வைத்திருந்த கார்கள் என்பதை மறந்துவிடலாகாது. மாட்டு வண்டிக் காலத்தில் கடையாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தவனே அந்த வண்டியில் உட்கார்ந்து ஓட்டிப் போனான். இன்று பஸ்ஸில் ஏறும் பிரயாணி அதன் பிரேக்கைப் பார்த்ததில்லை. பார்க்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. வண்டியைப் பராமரிப்பவர் ஒருவர், உயிரைப் பணயம் வைத்து அதில் அமர்ந்திருப்பவர் வேறொருவர் என்ற நிலை வந்துவிட்டபின், பிரயாணியின் சார்பில் பார்ப்பதற்குச் சர்க்காரின் கண் ஒன்று அவசியமாகிவிடுகிறது.

ஆனால் அந்தக் கண் மெய்யாகவே பார்க்க வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரத்துக்கு அருகே, பள்ளி விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டுபோனாள். அந்தப் பஸ்ஸுக்கு அண்மையில்தான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. ஒரு குழந்தை நுழைந்து விழும் அளவுக்கு இருந்த ஓட்டை கண்ணில் படாமற்போன பரிசோதனையை எந்த நியாயத்தைக் கொண்டும் ஆதரிக்க முடியாது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளும் அந்த ஆண்டிலேயே பிறந்தன. அதன் பயனாகப் பள்ளி திறக்குமுன் கோடை விடுமுறையில், போக்குவரத்து, போலீஸ், கல்வி இலாகாக்களின் அதிகாரிகள் கூடி, பள்ளிப் பஸ்களின் தரையையும், அவசர வழியையும், தீயணைப்புக் கருவியையும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பார்வையிடுகிறார்கள்.

கண்ணால் மட்டும் பார்ப்பதிலும் ஓர் எல்லை உண்டு. இடச் சக்கரத்தின் பிரேக் பலமாகவும் வலச் சக்கரத்தினது பலவீனமாகவும் இருந்தால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மைதானத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுகையில் இது புலப்படாது. சுழலும் உருளைகளின்மேல் சக்கரங்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் பிரேக் பலத்தையும் தனித்தனியே அளக்கும் யந்திரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, சான்று கிடைத்ததும் கழற்றிவிடுகிறவர்களைத் தடுக்க எந்த யந்திரத்தாலும் இயலாது. அதற்குச் சாலையிலே எதிர்பாராத வேளையில் நடக்கும் சோதனை ஒன்றே வழி.

பராமரிப்பவரும் பிரயாணியும் ஒருவரேயா, வேறு வேறானவரா என்பதே முக்கியமாதலால், சொந்த உபயோகத்துக்கான காரையும் இருசக்கர வாகனத்தையும் பதினைந்து ஆண்டுகள்வரை விட்டுவிட்டு, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பார்ப்பதும், வாடகை வண்டிகளை எட்டு வயதுவரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் பின்னர் வருஷந்தோறும் பார்ப்பதும் என்று நம் சட்டம் வகுத்திருக்கும் பாகுபாடு, பெரும்பாலும் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். அந்தப் பாகுபாட்டை ஏமாற்றும் ஒரு வழக்கம் நம் ஊர்த் தெருக்களில் இருக்கிறது: சொந்த உபயோகமென்று பதிவு செய்த வேனில், கூலிக்குப் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்வது. பெற்றோர்களே, உங்கள் குழந்தை ஏறும் வேனின் நம்பர் பலகையைத் தயவுசெய்து பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தானால், எஃப்.சி. முடியும் தேதியைக் கேளுங்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தானால், அந்த வண்டியை வாடகை வண்டிக்குரிய எஃப்.சி.க்காக எந்த அதிகாரியும் பார்த்ததில்லை என்று அறிந்து, அதில் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.